பயனிலை எங்கே போயிற்று?

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். நல்ல கவிதைகள் எழுதியிருக்கும் ஒருவர், தாம் எழுதிவரும் சரித்திர நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசித்தார். செம்பியன் மாதேவி வரும் அத்தியாயம். நெற்றியில் விபூதி, உடம்பில் வெள்ளைப் புடவை, கண்ணில் நீர், வாயில் தேவாரம். மகனைப் பார்த்து ராஜ்யம் வேண்டாம், சிவத்தொண்டு போதும் என்கிறாள். மகன் கேட்கவில்லை. அவள் தூணில் சாய்ந்து அழுகிறாள். விளக்கு அணைகிறது. அத்தியாயமும் முடிகிறது.

எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் சும்மா இருந்தேன். நண்பர் விடவில்லை. "என்ன, பேசமாட்டேங்கறீங்க?" என்றார். இந்த அம்மாளை நூறு தரம் பார்த்தாயிற்றே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சரித்திரத்துல அவளப் பத்தி என்னங்க இருக்கு? இன்னார் மக, இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா. அதோட சரி. மிச்சத்தை நாமதானே ரொப்பணும்?"

பிறகு பேச்சு யாருக்கு எந்தப் பரிசு கிடைத்தது என்று திரும்பிவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன். நண்பர் ஒருவரைக் கண்டிக்க வேண்டும் என்பதல்ல நோக்கம். அவர் சொன்ன வாக்கியம் நம் எல்லோருடைய மனசிலும் இருக்கிற வாக்கியம். அதனால்தான் அதை எதிர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வாக்கியத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம். கல்வெட்டுகள் அவரை அப்படித்தான் அறிமுகம் செய்கின்றன. மழவரையர் மகளார். கண்டராதித்த தேவரின் தேவியார். உத்தம சோழரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார். தகப்பன், புருஷன், பிள்ளை. பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் செம்பியன் மாதேவி என்பதும் பட்டப்பெயர்தான். செம்பியன் என்றால் சோழன். சோழனின் பெருந்தேவி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மழவர் வீட்டில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, அது கல்லில் ஏறவில்லை. ஆக, உறவுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஆள் இல்லை என்று நண்பர் நினைப்பதற்கு இடமிருக்கிறது.

ஆனால் நண்பர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். மகளார், தேவியார், திருவயிறு வாய்த்தவர் எல்லாம் அடைமொழிகள். அடைமொழிகளோடு எந்தக் கல்வெட்டும் முடிந்துபோவதில்லை. இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மூச்சு வாங்க வைத்த பிறகு ஒரு வினைச்சொல் வருகிறது. கொடுத்தார். வைத்தார். கற்றளியாக எடுப்பித்தார். தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். சரித்திர நாவலாசிரியருக்கு அதுவரை பொறுமை இல்லை. உறவுமுறையைக் கேட்டதுமே எழுந்து போய்விடுகிறார்.

அந்தப் பயனிலைகளைக் கொஞ்சம் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் உயிரோடிருந்த 941இல், அந்த வீட்டு மருமகளாக, கோயிலுக்கு விளக்குக் கொடுத்ததில் தொடங்கி 1001 வரை அவருடைய கொடைகள் கல்லில் இருக்கின்றன. அறுபது வருஷம். மாமனார், புருஷன் கண்டராதித்தன், கொழுந்தன் அரிஞ்சயன், கொழுந்தன் மகன் சுந்தர சோழன், தன் பிள்ளை உத்தமன், பிறகு ராஜராஜன் என்று ஆறு பேர் சிம்மாசனத்தில் மாறி மாறி உட்கார்ந்த காலம். கோனேரிராஜபுரம், திருக்கோடிக்காவல், ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூரில் அறநெறி என்று காவிரிக் கரையிலும் அதற்கு வடக்கிலும் கோயில்களைக் கல்லாக்கிக்கொண்டே போயிருக்கிறார். இவற்றில் சில அதற்குமுன் செங்கல் தளிகள். திருநல்லம் என்கிற கோனேரிராஜபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, கண்டராதித்தன் லிங்கத்தைப் பூஜிக்கிற உருவத்தைச் சுவரில் செதுக்க வைத்து, இன்னாருடைய உருவம் இது என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறார். அந்தக் கோயிலிலேயே வேலையை நடத்தி முடித்தவன் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆலத்தூர் சாத்தன் குணபட்டன். அவனுக்குக் கொடுத்த பட்டமும் இருக்கிறது: ராஜகேசரி மூவேந்தவேளான்.

இவ்வளவு வேலை செய்த ஒருத்தியைத் தூணில் சாய்த்து அழவைப்பதற்கு என்ன மாதிரியான கற்பனை வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கற்பனையின் வறட்சிதான் வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு மூலம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சுற்றிப்போவது கோழைத்தனம். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வன்'. 2022இலும் 2023இலும் சினிமாவாகவும் வந்து, அதன் பிறகு சோழர்களைப் பற்றி எழுதாதவன் எழுத்தாளனே இல்லை என்கிற நிலைமை. கல்கியின் சுவாரஸ்யத்தை நான் மறுக்கவில்லை. வாரா வாரம் இத்தனை பேரைக் காத்திருக்க வைத்தது சாமான்யமான காரியமல்ல. கதை சொல்ல அவருக்குத் தெரியும். என் கேள்வி, அந்தக் கதை எதை நம்புகிறது என்பது.

அந்த நாவலில் செம்பியன் மாதேவிக்கு என்ன ஆகிறது? மதுராந்தகன் என்று நாம் ஐந்து பாகங்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த பதவி ஆசைக்காரன் அவர் வயிற்றுப் பிள்ளை அல்ல. பிரசவத்தின்போது குழந்தை மாறிவிட்டது. செத்ததாக நினைத்த உண்மையான பிள்ளை பூக்கட்டுகிற குடும்பத்தில் சேந்தன் அமுதனாக, பரம சாதுவாக, வளர்ந்திருக்கிறான். கடைசியில் அவன்தான் உத்தம சோழனாகப் பட்டம் சூடுகிறான். ஆசைக்காரனோ பாண்டியர் பக்கம் போய்ச் சேர்கிறான்.

கல் என்ன சொல்கிறது? 'திருவயிறு வாய்த்த' என்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லாமல், திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒரு பெண்ணைப் பற்றி ஆயிரம் வருஷமாகக் கல்லில் இருக்கிற ஒரே உடம்பு சம்பந்தமான செய்தி அது. நாவல் அதையே பிடுங்கிக்கொள்கிறது.

நாவலாசிரியனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. தாராளமாக உண்டு. ஆனால் எதற்காக அந்தச் சுதந்திரம் பயன்படுகிறது என்று கேட்கிற சுதந்திரம் வாசகனுக்கும் உண்டு. அருள்மொழி விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதைத் தன் வம்சத்தைப் புகழ எழுதுவித்தவன் அவருடைய மகன் ராஜேந்திரன். இன்னொரு பக்கம் ஆதித்த கரிகாலன் கொலை. அதில் உத்தமனுக்குப் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகள் என்று சொல்பவர்களில் உத்தமன் பெயர் இல்லை. இந்த முடிச்சை ஒரு நல்ல நாவலாசிரியன் எப்படி அணுகியிருக்கலாம்? பதவி ஆசை உள்ள மகனையும், அவனைப் பெற்று, அவன் ஆட்சியிலேயே கோயில் கட்டிக்கொண்டிருக்கிற தாயையும் ஒரே வீட்டில் வைத்திருக்கலாம். நல்ல தாய்க்குக் கெட்ட பிள்ளை, அல்லது நாம் நினைக்கிற அளவு நல்லவளல்லாத தாய், அல்லது நாம் நினைக்கிற அளவு கெட்டவனல்லாத பிள்ளை. மனித சுபாவம் என்கிற வஸ்து அங்கேதான் இருக்கிறது. கல்கி அந்த வாசல்வரை வந்து, உள்ளே போகாமல், குழந்தையை மாற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். புண்ணியவதி வயிற்றில் பேராசைக்காரன் பிறக்கமாட்டான். ஆகவே அவன் வேறு ரத்தம். பூக்கட்டுகிறவன் வீட்டில் வளர்ந்தாலும் அரச ரத்தம் என்றால் கிரீடம் தேடி வந்துவிடும்.

இந்த நியாயத்துக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். பிறப்பு குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான் தெருவில் சாதி என்கிறோம். தெருவில் கேட்டால் முகம் சுளிக்கிறோம். தொடர்கதையில் வந்தால் திருப்பம் என்று கைதட்டுகிறோம்.

இது வெறும் இலக்கிய விவகாரம் அல்ல. ராஜராஜன் எங்கள் சாதி என்று ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகள் சுவரொட்டி ஒட்டுகிற காலம் இது. ஒவ்வொரு சுவரொட்டிக்குப் பின்னாலும் ஒரு வம்சாவளி இருக்கிறது. சோழர் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் யார் என்று உட்கார்ந்து எண்ணினால் அந்தச் சுவரொட்டிகள் ஒவ்வொன்றாகக் கிழியும். கண்டராதித்தன் தம்பி அரிஞ்சயனின் தாய், பழுவேட்டரையர் மகள். அந்தப் பழுவேட்டரையரை அன்பில் செப்பேடு கேரள அரசர் என்கிறது. செம்பியன் மாதேவி மழவர். சுந்தர சோழனின் தேவி வானவன் மாதேவி திருக்கோவலூர் மலையமான் வீட்டுப் பெண். உத்தமனின் தேவியர் இருங்கோளர் மகள், விழுப்பரையர் மகள், பழுவேட்டரையர் மகள் என்று நீள்கிறார்கள். ராஜராஜன் மகள் குந்தவை வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் பிள்ளை ராஜராஜ நரேந்திரன், ராஜேந்திரன் மகள் அம்மங்காதேவியைக் கட்டினான். அவர்களுடைய பிள்ளைதான் 1070இல் சோழ சிம்மாசனம் ஏறிய முதலாம் குலோத்துங்கன். அதற்குப் பிறகு 1279இல் சோழ ராஜ்யம் முடிகிறவரை இருநூறு வருஷத்துக்கு மேல் ஆண்டவர்கள் எல்லோரும் பெண் வழியில் வந்த வாரிசுகள். பெண் வழியை எடுத்துவிட்டால் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிம்மாசனம் அத்தனை காலமும் காலியாகக் கிடந்திருக்கும். நம் வம்ச விருட்சப் படங்களில் இந்தப் பெண்கள் இரண்டு ஆண் பெயர்களை இணைக்கிற கோடுகள். கோட்டுக்குக் குலம் கிடையாது என்று நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருக்கிறது.

சந்ததியை வைத்து அளந்தால் செம்பியன் மாதேவி தோற்றுப்போனவர். அவருக்கு ஒரு பிள்ளை. பிள்ளைக்குப் பின் பட்டம் அந்தக் கிளைக்கு வரவில்லை. 985இல் ராஜராஜனுக்குப் போயிற்று. பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன், பாட்டன் பெயரைச் சுமந்துகொண்டு, ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கிற அதிகாரியாக இருந்தான். அரச வம்சம் உத்தியோகஸ்த வம்சமாக மாறிய கதை. நண்பர்களின் நாவல்களில் அவர் பக்கவாட்டுப் பாத்திரமாகவே நிற்பதற்கு இதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். ஜெயித்த கிளையின் பாட்டி அல்ல அவர்.

ஆனால் வம்சம் ஜெயித்த கிளையின் பெண்ணுக்கு என்ன நடந்தது? சுந்தர சோழன் இறந்தபோது மலையமான் மகள் வானவன் மாதேவி, பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு மெச்சுகிறது. அவள் ராஜராஜனைப் பெற்றவள். அதே வீட்டில், அவளுக்கு மூத்த தலைமுறையில், கையில் சிறு பிள்ளையோடு விதவையான இன்னொருத்தி தீயில் இறங்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். இருந்து வேலை செய்தார். ஒருத்தி இறங்கியதையும் மற்றவள் இறங்காததையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சரித்திர நாவலாசிரியனுக்காவது தோன்றியிருக்கிறதா? அந்த அரண்மனையில் அந்த இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு எந்தக் குழந்தை மாற்றத்தைவிடவும் பெரிய மர்மமாகத் தோன்றுகிறது.

இப்போது மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாராவது செம்பியன் மாதேவியைப் புரட்சிப் பெண்ணாக்கி அடுத்த இதழுக்கு நீண்ட கவிதை அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். அவர் கலகக்காரி அல்ல. அவர் பெயரால் அமைந்த ஊர், நாகப்பட்டினம் பக்கத்தில், ஒரு சதுர்வேதிமங்கலம். உத்தமனின் தேவியர் மாமியாரின் ஜன்ம நட்சத்திரமான கேட்டை நாளில் அங்கே பிராமண போஜனம் நடக்க ஏற்பாடு செய்தார்கள். கோயிலுக்குப் போன நிலத்தில் உழுதவன் யார், அவனிடமிருந்து என்ன வாங்கப்பட்டது என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. எடுப்பித்தார் என்பது பிறவினை என்பதை மறக்கக் கூடாது. கல்லைச் சுமந்தவன் வேறு. சாத்தன் குணபட்டன் பெயராவது மிஞ்சியது. அவனுக்குக் கீழே கல் உடைத்தவன் பெயர் அரசியின் சொந்தப் பெயரோடு சேர்ந்து போய்விட்டது. அரசியைக் கோயிலை விட்டு இறக்கி மேடையில் ஏற்றுவதும், தூணில் சாய்த்து அழவிடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் பயனிலையை யாரும் படிக்கவில்லை.

வாஷிங்டனில் ஃபிரீயர் காட்சிசாலையில் ஒரு வெண்கலப் படிமம் இருக்கிறது. 1929இல் அங்கே போய்ச் சேர்ந்தது. நெடிய கை, சரிந்த தோள், இயல்புக்கு மீறிய இடை வளைவு. அது செம்பியன் மாதேவியா, பார்வதியா என்று கலை விமர்சகர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ராஜேந்திரன் காலத்தில் அவருடைய படிமம் அவர் பெயர் கொண்ட ஊர்க் கோயிலில் இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. ஆகவே இந்தக் கேள்வி வெற்றுக் கற்பனை அல்ல. எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. இவள் இன்னாள் என்று அடித்துச் சொல்லாமல் ஒரு முகத்தின் முன்னால் நிற்க முடிகிறது அவர்களால். நம்மால் முடிவதில்லை. நமக்கு உடனே ஒரு வசனம் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்னதான் எழுதுவது என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் திருக்கோடிக்காவலில் இருக்கிறது. அங்கே பழைய கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர் காலக் கல்வெட்டுகள் அழிந்துபோகும் நிலைமை. செம்பியன் மாதேவியின் ஆட்கள் அவற்றைப் படித்து, புதிய சுவரில் திரும்பப் பொறித்தார்கள். பொறித்துவிட்டு, 'இதுவும் ஒரு பழங்கல்படி' என்று குறித்தும் வைத்தார்கள். இது நாங்கள் சொல்வது அல்ல, பழைய கல்லில் இருந்ததன் பிரதி என்று பொருள்.

யோசித்துப் பாருங்கள். பழைய கல் இடிக்கப்படுகிறது. அதில் இருந்தவை வேறு வம்சத்துக் கொடைகள், வேறு யாரோ வைத்த விளக்குகள். விட்டிருந்தால் கேட்க நாதியில்லை. அந்த இடத்தில் தன் வம்சப் புகழையே சுவர் முழுக்க எழுதியிருக்கலாம். அவர் செய்யவில்லை. தன்னுடைய வம்சம் அல்லாத பல்லவர்களின் வாக்கியத்தை, பயனிலையோடு, காப்பாற்றிக் கொடுத்தார். எது தன் சொல், எது பிறர் சொல் என்பதையும் பிரித்துக் காட்டினார். புதிதாகக் கட்டுகிறவன் பழையதை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கிய விமர்சனம் தமிழில் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரித்திர நாவல் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள். ரொப்புவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று படியுங்கள். இருப்பதையும் நீங்கள் சேர்ப்பதையும் வாசகன் பிரித்துணரும்படி எழுதுங்கள். மௌனம் இருக்கிற இடத்தில் மௌனம் இருக்கட்டும்.

இதெல்லாம் ராஜா ராணி சமாசாரம், சிறுபத்திரிகைக்கு எதற்கு என்று முணுமுணுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கூட்டத்தில் ஒரு புதுக் கவிஞன் வந்தால் முதல் கேள்வி என்ன? இவன் யாருடைய ஆள், எந்தப் பத்திரிகையின் பிள்ளை, எவருடைய வாரிசு. ஒரு பெண் எழுத வந்தால் இன்னும் ஒரு கேள்வி கூட: இன்னாருடைய மனைவியாமே? மகளாமே? வம்சாவளி தெரிந்துவிட்டால் கவிதையைப் படிக்கிற சிரமம் மிச்சம். மாதா மாதம் நாம் எழுதுகிற மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள். திருவயிறு வாய்த்தவர்களின் ஜாபிதாவாக இருக்கும். அவர் என்ன எழுதினார் என்கிற வாக்கியம் கடைசிப் பாராவில், இடம் இல்லாமல், நசுங்கிக் கிடக்கும்.

அன்று மாடியில் அந்த அத்தியாயத்தைக் கேட்டவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். இரண்டு கவிதைகள் இந்தப் பத்திரிகையிலேயே வந்திருக்கின்றன. அவரை எனக்கு அறிமுகம் செய்தவர் இன்னாருடைய தங்கை என்றுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். கவிதைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.